பம்ப் பொருத்திய பிறகும் விரலைக் குத்திப் பார்க்க வேண்டுமா? மகளின் சர்க்கரைக் கண்காணிப்பில் சில ஐயங்கள்

கேள்வி — பன்னிரண்டு வயது மகளின் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு எட்டு வயதில் டைப் 1 நீரிழிவு இருப்பது தெரியவந்தது. நான்கு ஆண்டுகளாக நாளொன்றுக்கு நான்கைந்து ஊசிகள் போட்டுச் சமாளித்தோம். மூன்று வாரங்களுக்கு முன்பு இன்சுலின் பம்பிற்கு மாறியிருக்கிறோம். கையில் ஒட்டும் சென்சார் ஒன்றும் இருக்கிறது. ஆனால் எங்கள் பம்ப் சென்சாரின் அளவைப் படித்துத் தானாக இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் வகையைச் சேர்ந்ததன்று. இரண்டும் தனித்தனியாக இயங்குகின்றன. முடிவெடுக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

சென்ற வாரம் ஒரு நாள் இரவு பத்து மணிக்குக் கானுலாவை (பம்பின் இன்சுலினைத் தோலுக்கு அடியில் சேர்க்கும் மெல்லிய குழல்) மாற்றினோம். அப்போது சர்க்கரை 140 இருந்தது. முதல் வாரத்தில் சென்சாரின் எச்சரிக்கை ஒலி இரவெல்லாம் அடித்து அவளைத் தூங்கவிடாமல் செய்ததால், உயர் சர்க்கரைக்கான ஒலியை நான்தான் அணைத்து வைத்திருந்தேன். காலை ஆறு மணிக்கு அவள் எழுந்து குமட்டுகிறது என்றாள். விரலைக் குத்திப் பார்த்தபோது 348. கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் இரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) 1.9. பம்பின் திரையில் எந்தக் குறையும் தெரியவில்லை. இரவு முழுவதும் இன்சுலின் சென்றதாகவே கணக்குக் காட்டியது. மருத்துவரை அழைத்தோம். அவர் சொன்ன அளவை இன்சுலின் பேனாவால் போட்டு, நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து, கானுலாவைக் கழற்றினோம். அது தூண்டில் முள்ளைப் போல மடங்கிக் கிடந்தது. நண்பகலுக்குள் கீட்டோன் இறங்கிவிட்டது. ஆனால் அன்று முதல் எனக்குப் பம்பின் மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது.

என் ஐயங்கள் இவை. இன்சுலின் போய்ச் சேரவில்லை என்பதைப் பம்ப் ஏன் தெரிவிக்கவில்லை? சென்சார் 210 என்கிறது, அதே நேரத்தில் குளுக்கோமீட்டர் 165 என்கிறது. எதை வைத்து இன்சுலின் கொடுப்பது? சென்சார் இருக்கும்போது நாளுக்கு எத்தனை முறை விரலைக் குத்த வேண்டும்? மற்றொன்று: நான்கு நாட்களுக்கு முன்பு உணவுக்குப் பின் 280 என்று கண்டு பயந்து, ஒன்றரை மணி நேர இடைவெளியில் இரண்டு முறை திருத்த அளவு (உயர்ந்த சர்க்கரையை இறக்கக் கொடுக்கும் கூடுதல் இன்சுலின்) கொடுத்தேன். சிறிது நேரத்தில் 58க்கு இறங்கிவிட்டது. நான் எங்கே தவறுகிறேன் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி — பதினொரு ஆண்டுகளாகப் பம்ப் அணிபவர்

வணக்கம் சகோதரி. உங்கள் மகள் அந்தக் காலையில் பட்ட துன்பத்தை நானும் பட்டிருக்கிறேன் என்பதால், முதல் கேள்விக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் உங்கள் மகளின் உடலில் நீண்டநேரம் செயல்படும் இன்சுலின் ஒன்று எப்போதும் அடியில் இருந்தது. உணவு நேர ஊசி ஒன்று தவறினாலும், அந்த அடிப்படை இன்சுலின் கீட்டோன் உருவாகாமல் ஓரளவு தடுத்துவந்தது. பம்பில் அந்தச் சேமிப்பு இல்லை. அதில் இருப்பது விரைவாகச் செயல்படும் இன்சுலின் மட்டுமே. அதையே துளித்துளியாக நாள் முழுவதும் செலுத்தி அடிப்படைத் தேவையையும் நிறைவேற்றுகிறது. அந்த இன்சுலினின் வேலை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆகவே ஓட்டம் நின்றால் இரண்டு, மூன்று மணி நேரத்திலேயே சர்க்கரை ஏறத் தொடங்கும். அதைத் தொடர்ந்து கீட்டோனும் ஏறும். இரவு பத்து மணிக்கு நின்ற ஓட்டம் காலை ஆறு மணிக்கு 1.9 கீட்டோனாக வெளிப்பட்டதில் வியப்பில்லை. ஊசிக்காரருக்கும் பம்ப்காரருக்கும் ஒரே 348 வந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. ஊசிக்காரர் "என்ன சாப்பிட்டேன்?" என்று யோசிக்கலாம். பம்ப்காரர் முதலில் "இன்சுலின் உள்ளே போகிறதா?" என்று கேட்க வேண்டும்.

பம்ப் ஏன் சொல்லவில்லை என்றால், அதற்கு உங்கள் மகளின் தோலுக்கு அடியில் நடப்பது தெரியாது. மோட்டார் எவ்வளவு தள்ளியது என்பதைத்தான் அது கணக்கில் எழுதுகிறது. அடைப்பு எச்சரிக்கை என்பது குழாயில் அழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டும்போது மட்டுமே ஒலிக்கும். கானுலா மடங்கினாலும் இன்சுலின் பக்கவாட்டில் கசிந்து தோலின் மேலே ஒட்டுத்துணிக்குள் வந்துகொண்டிருந்தால் அழுத்தமே ஏறாது. முழுமையாக அடைத்திருந்தாலும், ஓட்டத்தின் வேகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு தாமதமாகத்தான் அழுத்தம் சேரும். மணிக்கு ஒரு யூனிட் ஓடும் பெரியவருக்கே சில மணி நேரம் ஆகும். குழந்தைகளுக்கு வைக்கும் மிகக் குறைந்த வேகத்தில் ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். எனவே எச்சரிக்கை ஒலிக்கவில்லை என்பதை எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கான சான்றாகக் கொள்ளாதீர்கள்.

இதனால் நான் கடைப்பிடிக்கும் பழக்கங்கள் சிலவற்றைச் சொல்கிறேன். கானுலாவை உறங்கப்போகும் முன் மாற்றுவதே இல்லை. காலையிலோ மாலையிலோ, உணவு நேர போலஸ் (ஒரே தவணையாகக் கொடுக்கும் இன்சுலின்) ஒன்றுக்குச் சற்று முன்பாக மாற்றுவேன். அந்த போலஸ் புதிய கானுலாவின் வழியாகப் போவதால், அது வேலை செய்கிறதா என்பது எனக்கு இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். மாற்றிய இரண்டு மணி நேரம் கழித்து, சென்சார் என்ன சொன்னாலும், ஒருமுறை விரலைக் குத்திப் பார்ப்பேன். மூன்று நாளுக்கு மேல் ஒரே இடத்தில் வைப்பதில்லை. (ஏழு நாள் வரை வைக்கத்தக்க சிறப்பு வகைகளும் உள்ளன, உங்களுடையது எந்த வகை என்று பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.) காரணமின்றி சர்க்கரை ஏறினால் ஒட்டுத்துணியை மோந்து பார்ப்பேன். இன்சுலினில் கலந்திருக்கும் பாதுகாப்புப் பொருளுக்கு மருத்துவமனை வாடை ஒன்று உண்டு. அந்த வாடை அடித்தால் கசிகிறது என்று பொருள்; பிறகு யோசிக்க ஒன்றுமில்லை, உடனே மாற்றிவிட வேண்டும்.

குழாயில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் என்ற இன்சுலினில், விரல் நீளத்திற்குக் காற்று இருந்தாலே ஒரு யூனிட்டளவு குறைந்துபோகும். எனக்கு அது பெரிய விஷயமில்லை. உங்கள் மகளின் இரவு நேர ஓட்டத்தில் ஒரு யூனிட் என்பது ஒன்றிரண்டு மணி நேரத் தேவையாகக்கூட இருக்கலாம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த இன்சுலினை உடனே ரிசர்வாயரில் (பம்புக்குள் இன்சுலின் இருக்கும் சிறு கலம்) ஏற்றினால், அது அறைவெப்பத்திற்கு வரும்போது குமிழிகள் தோன்றும். சற்று நேரம் வெளியில் வைத்துவிட்டு ஏற்றுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். ஒலியை அணைத்தது குறித்து உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். முதல் மாதத்தில் எல்லார் வீட்டிலும் அந்த ஒலி தாங்க முடியாததாகத்தான் இருக்கும். அணைப்பதற்கு மாறாக வரம்பை உயர்த்தி வைக்கலாம். 180இல் அடித்துக்கொண்டிருப்பதை இரவில் மட்டும் 250க்கு மாற்றினால் தேவையில்லாமல் அடிக்காது. ஆனால் ஓட்டம் நின்றுபோன இரவில் நிச்சயம் எழுப்பிவிடும்.

மறுமொழி — நீரிழிவுக் கல்விச் செவிலியர்

வணக்கம் அம்மா. மேலே எழுதியவர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் பம்ப் பயன்படுத்துவோருக்கு நாங்கள் எழுத்தில் தந்தனுப்பும் நடைமுறையை இங்கே சேர்க்காமல் விட்டால் பதில் முழுமையாகாது. சர்க்கரை 250க்கு மேல் சென்று, உணவாலோ மறந்துபோன போலஸாலோ அதை விளக்க முடியவில்லை என்றால், முதலில் கீட்டோனைப் பாருங்கள். இரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் பம்பின் வழியாகவே ஒரு திருத்த அளவு கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்கலாம். இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பம்பின் வழியாக இரண்டாம் முறை முயலக் கூடாது. பேனாவாலோ சிரிஞ்சாலோ போட்டுவிட்டுக் கானுலா, குழாய், ரிசர்வாயர் மூன்றையும் புதிதாக மாற்ற வேண்டும். கீட்டோன் முதலிலேயே 0.6ஐத் தாண்டியிருந்தால் பேனாவே முதல் வழி. 1.5ஐத் தாண்டினால் நீங்கள் செய்ததைப் போல மருத்துவரை அழைக்க வேண்டும். 3.0ஐத் தாண்டினாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்கினாலோ, குழந்தை மயங்கிச் சோர்ந்தாலோ, அளவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். பேனாவால் எத்தனை யூனிட் என்பதை உங்கள் மருத்துவர் மகளின் எடைக்கும் அன்றாடத் தேவைக்கும் ஏற்ப முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். இதுவரை தரவில்லை என்றால் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் கேட்டு வாங்குங்கள்.

சிறுநீர்க் கீட்டோன் பட்டையை மட்டும் நம்பியிருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அது காட்டுவது சிறுநீர்ப்பையில் சில மணி நேரமாகச் சேர்ந்ததை. இரத்தத்தில் இப்போது இருப்பதை அன்று. ஏறும்போதும் தாமதமாகக் காட்டும், இறங்கிய பிறகும் ஏறியிருப்பதாகவே காட்டும். பம்ப் உள்ள வீட்டில் இரத்தக் கீட்டோன் பார்க்கும் மீட்டர் இருப்பதே நல்லது.

இனி 210க்கும் 165க்கும் வருவோம். குளுக்கோமீட்டர் பார்ப்பது இரத்தத்தை. சென்சார் பார்ப்பது தோலுக்கு அடியில் செல்களுக்கு இடையே உள்ள நீர்மத்தை. இரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அந்த நீர்மத்தை எட்ட ஐந்து முதல் பதினைந்து நிமிடங்கள் ஆகும். சர்க்கரை வேகமாக இறங்கிக்கொண்டிருந்தால் சென்சார் பின்தங்கி உயர்வாகக் காட்டும். வேகமாக ஏறிக்கொண்டிருந்தால் தாழ்வாகக் காட்டும். ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல் அம்புக்குறியையும் பாருங்கள். அம்பு கீழ்நோக்கி இருந்தபோது இந்த வேறுபாடு வந்திருந்தால் இரண்டு கருவிகளுமே சரியாக இருந்திருக்கலாம். உண்மையில் சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் அங்கே செய்தி, 210க்குத் திருத்த அளவு கொடுத்திருந்தால் தவறாகியிருக்கும். அம்பு கிடைமட்டமாக இருந்தும் இவ்வளவு வேறுபாடு என்றால் பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் ஒப்பிட வேண்டும். 100க்கு மேல் உள்ளபோது 20 சதவீதத்திற்குள்ளும், 100க்குக் கீழே உள்ளபோது 20 புள்ளிகளுக்குள்ளும் வேறுபாடு இருந்தால் கவலைப்பட வேண்டாம் என்பது நாங்கள் நடைமுறையில் கொள்ளும் அளவுகோல். உங்களுடையது அதைத் தாண்டுகிறது. எனவே அன்று மீட்டரை நம்புவதே முறை.

ஆனால் மீட்டரும் முற்றிலும் துல்லியமானதன்று. 2013ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. 15197 என்ற பன்னாட்டுத் தரவிதி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடிவுகள் ஆய்வகக் கணக்கிலிருந்து 15 சதவீதத்திற்குள் இருந்தால் போதும் என்கிறது. அதாவது உண்மை 165 ஆக இருந்தால், 140 என்றோ 190 என்றோ காட்டும் மீட்டரும் தரமான மீட்டர்தான். அதற்கு மேல் நம்முடைய பிழைகள் சேர்கின்றன. பழத்தைத் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் அளவு பெரிதும் கூடிக் காட்டும். தேதி முடிந்த ஸ்ட்ரிப்பும், மூடி திறந்தே கிடந்து ஈரம் ஏறிய ஸ்ட்ரிப்பும் ஏமாற்றும். எதிர்பாராத எண் வந்தால் சோப்புப் போட்டுக் கைகழுவி, துடைத்து, வேறு விரலில் குத்துங்கள்.

எத்தனை முறை என்று கேட்டீர்கள். எண்ணிக்கையைச் சொல்வதைவிட எப்போது என்று சொல்வதே பயனுள்ளது என்று நினைக்கிறேன். புதிய சென்சார் ஒட்டிய முதல் 24 மணி நேரத்தில்; கானுலா மாற்றிய இரண்டு மணி நேரம் கழித்து; சென்சார் சொல்வதும் மகளின் முகமோ உடலோ சொல்வதும் பொருந்தாதபோது; தாழ்சர்க்கரைக்குக் குளுக்கோஸ் கொடுத்த பிறகு ஏறிவிட்டதா என்று பார்க்கும்போது, ஏனெனில் சென்சார் அப்போது பின்தங்கி இன்னும் 60 என்றே காட்டி உங்களை இரண்டாம் முறையும் இனிப்புக் கொடுக்க வைக்கும்; பெரிய திருத்த அளவு ஒன்றைக் கொடுக்கும் முன்; காய்ச்சல், வாந்தி உள்ள நாட்களில். சில வகைச் சென்சார்கள் பாராசிட்டமால் எடுத்தபோதும், வேறு சில வகைகள் அதிக அளவில் வைட்டமின் சி எடுத்தபோதும் தவறாக உயர்த்திக் காட்டும். உங்களுடையதன் கையேட்டில் அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். சென்சார் ஒட்டிய கையின்மேல் குழந்தை அழுத்திப் படுத்துறங்கினால் 50, 45 என்று திடீரென விழுந்ததாகக் காட்டுவதும் உண்டு. வரைபடத்தில் செங்குத்தான பள்ளமாகத் தெரியும். புரண்டு படுத்ததும் தானே மேலேறும். அந்த நேரத்தில் எழுப்பிக் குளுக்கோஸ் கொடுக்கும் முன் விரலைக் குத்திப் பார்த்தால் பல இரவுகள் மிச்சமாகும்.

58க்கு இறங்கியது பற்றி: நீங்கள் கொடுத்த முதல் திருத்த அளவு ஒன்றரை மணி நேரத்தில் தன் வேலையில் பாதியைக்கூட முடித்திருக்காது. இரண்டாவது அதன்மேல் ஏறியது. ஒரு யூனிட் 60 புள்ளிகள் குறைக்கும் என்றும், 280இலிருந்து 120க்கு வர வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். தேவை ஏறக்குறைய 2.7 யூனிட். ஆனால் முன்பு கொடுத்ததில் 1.5 யூனிட் இன்னும் உடலில் செயல்பட்டுக்கொண்டிருந்தால், இப்போது தர வேண்டியது 1.2 மட்டுமே. பம்பின் போலஸ் கணக்கி இந்தக் கழித்தலைத் தானே செய்யும். நீங்கள் பயத்தில் அதைத் தவிர்த்துவிட்டு நேரடியாக யூனிட்டைத் தட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இதில் இரண்டு இடங்களில் கணக்கி ஏமாறும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கானுலா மடங்கியிருந்தால், உடலுக்குள் போகாத இன்சுலினையும் போனதாக எண்ணிக் கழித்துவிடும். பேனாவால் போட்டதோ அதற்குத் தெரியவே தெரியாது. அடுத்த நான்கு மணி நேரத்திற்கு அதை நீங்களே தாளில் குறித்து வைத்துக் கழிக்க வேண்டும்.

தாழ்சர்க்கரையின்போது பம்பை நிறுத்தினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். நிறுத்துவதன் பலன் உடலில் தெரிய அரை மணி நேரத்திற்கு மேல் ஆகும். 70க்குக் கீழே போனால் விரைவில் உறிஞ்சப்படும் குளுக்கோஸ்தான் மருந்து. அளவு எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு சுமார் 0.3 கிராம், 40 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 12 கிராம். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். அந்தக் குளுக்கோஸைப் பம்பில் உணவாகப் பதிந்துவிடாதீர்கள், அதற்கும் சேர்த்து அது இன்சுலின் கேட்கும். நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் கொடுக்கக் கூடாது. அதற்குக் குளுக்ககான் (சர்க்கரையை உயர்த்தும் அவசர மருந்து) இருக்கிறது, அதை வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது பெற்றோர் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர் மீண்டும்

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. செவிலியர் அவர்கள் ஊகித்தது உண்மை. கணக்கி 'இப்போது தேவையில்லை' என்று காட்டியதை நான் நம்பாமல்தான் நேரடியாகக் கொடுத்தேன்.

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. அந்த இரவுக்குப் பிறகு நானும் என் கணவரும் மாறி மாறிப் பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து அவள் விரலைக் குத்திப் பார்க்கிறோம். மூன்று மணிக்கு 130 இருக்கிறது; காலை ஆறரைக்கு 220 ஆகிவிடுகிறது. கானுலாவில் குறை ஒன்றும் இல்லை, கீட்டோனும் இல்லை. இது என்ன? இப்படி எத்தனை நாள் எழுந்துகொண்டிருக்க வேண்டும்? அவள் இப்போது குத்தப்போகும் கையைத் தூக்கத்திலேயே இழுத்துக்கொள்கிறாள். பார்க்க மனம் தாங்கவில்லை.

மறுமொழி — பம்ப் அணியும் மகனின் தந்தை

சகோதரி, உங்கள் கடைசி வரியைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகனுக்கு இப்போது பதினாறு வயது. ஆறு ஆண்டுகளாகப் பம்ப் அணிகிறான். முதல் ஆண்டு முழுவதும் நாங்களும் அப்படித்தான் எழுந்துகொண்டிருந்தோம். இன்று திரும்பிப் பார்க்கையில், அந்த இரவுகளில் பாதி எங்கள் அச்சத்திற்காக எழுந்தவை; அவனுக்குத் தேவைப்பட்டவை அல்ல. ஒவ்வொரு நாளும் எழுவதற்கு மாறாக, காரணத்தோடு சில இரவுகள் எழுந்து, அந்த இரவுகளிலிருந்து ஒரு விடையைப் பெற்றுக்கொண்டு, பிறகு உறங்கச் செல்லுங்கள்.

நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் விடியற்கால ஏற்றமாக இருக்கும். அந்த நேரத்தில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசோலும் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்கின்றன. பருவமடையும் வயதில் இது மிகவும் கூடுதலாக இருக்கும். என் மகனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் காலை நான்கு மணிக்குத் தேவைப்பட்ட இன்சுலின் நள்ளிரவில் தேவைப்பட்டதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஊசி போட்ட காலத்தில் இதற்கு நல்ல வழி இல்லை. பம்பில் இருக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் பேசல் (நாள் முழுவதும் துளித்துளியாகச் செல்லும் அடிப்படை இன்சுலின்) வேகத்தைத் தனித்தனியாக அமைக்கலாம் என்பதுதான் பம்பிற்கு மாறியதால் நாம் பெற்ற மிகப் பெரிய நன்மை என்று நான் கருதுகிறேன்.

அதைக் கண்டறிய எங்கள் மருத்துவர் சொல்லித்தந்த சோதனை இது. இரவு உணவை முன்னதாக, கொழுப்புக் குறைவாகக் கொடுத்து முடிக்க வேண்டும். கொழுப்பும் புரதமும் மிகுந்த உணவு நான்கைந்து மணி நேரம் கழித்தும் சர்க்கரையை ஏற்றிக்கொண்டிருக்கும், சோதனை கெட்டுவிடும். கடைசி போலஸ் கொடுத்து நான்கு மணி நேரம் ஆன பிறகு கணக்கைத் தொடங்க வேண்டும். அதன்பின் உணவும் இல்லை, திருத்த அளவும் இல்லை. சென்சார் இருப்பதால் குத்திப் பார்க்க வேண்டியது தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே. நடுவில் சென்சாரின் கோடே போதும். கோடு 30 புள்ளிகளுக்குள் ஏறி இறங்கினால் பேசல் சரி. அதற்கு மேல் ஏறினால், ஏற்றம் எந்த மணிக்குத் தொடங்குகிறதோ அதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பிருந்தே வேகத்தைப் பத்து முதல் இருபது சதவீதம் கூட்ட வேண்டும். இன்சுலின் வேலை செய்ய நேரம் எடுக்கும் என்பதால்தான் முன்பிருந்தே என்கிறேன். ஓர் இரவை வைத்து மாற்றாதீர்கள். இரண்டு, மூன்று இரவுகள் ஒரே மாதிரி வந்தால், மருத்துவரிடம் காட்டி மாற்றுங்கள். உங்கள் கணக்கில் மூன்று மணிக்கு மேல்தான் ஏற்றம் என்பதால், ஒன்றரை அல்லது இரண்டு மணியிலிருந்து கூட்ட வேண்டியிருக்கலாம். சோதனையின்போது 70க்குக் கீழே போனால் உடனே நிறுத்திவிட்டுச் சிகிச்சை கொடுங்கள். பேசல் அதிகம் என்ற விடை அப்போதே கிடைத்துவிட்டது. காய்ச்சல் உள்ள நாளிலும், மாலையில் நன்றாக ஓடி விளையாடிய நாளிலும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

விளையாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சேர்க்கிறேன். மாலை விளையாட்டின் தாக்கம் இரவு இரண்டு மணிக்கும் வரும். அப்படிப்பட்ட நாட்களில் படுக்கும் முன் தற்காலிக பேசலை இருபது சதவீதம் குறைத்து வைப்போம். அந்த இரவுகளில் நான் இன்றும் எழுகிறேன். பம்பைக் கழற்றி வைத்து விளையாடினால் ஒரு மணி நேரத்திற்கு மேல் போகவிடுவதில்லை. மாட்டியதும் அளவைப் பார்ப்போம். கழற்றிய பம்பை வெயிலில் வைத்துவிடக் கூடாது, ரிசர்வாயரில் உள்ள இன்சுலின் 37 டிகிரிக்கு மேல் சூடானால் வலுவிழக்கும். பிறகு ஓட்டம் சரியாக இருந்தும் அளவு இறங்காது, காரணமும் எளிதில் பிடிபடாது.

செவிலியர் அவர்களிடம் ஒரு சிறு வேறுபாடு எனக்கு உண்டு. புதிய சென்சாரின் முதல் நாளில் குத்துங்கள், திருத்த அளவுக்கு முன் குத்துங்கள் என்று சேர்த்துக்கொண்டே போனால் அது மீண்டும் பத்து முறையாகிவிடுகிறது. என் மகன் பதின்மூன்று வயதில் விரலைக் காட்ட மறுத்தான். எண்ணைச் சொல்லாமல் மறைத்தான். 'ஏன் 240? என்ன சாப்பிட்டாய்?' என்று நாங்கள் ஒவ்வொரு முறையும் கேட்டதுதான் அதற்குக் காரணம் என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. அதன்பின் வீட்டில் நல்ல எண், கெட்ட எண் என்று பேசுவதை நிறுத்தினோம். உயர்வு, தாழ்வு, வரம்புக்குள் என்று மட்டும் சொல்வோம். முதல் கேள்வி எப்போதும் கருவியைப் பற்றியதாகவே இருக்கும். கானுலா எப்படி இருக்கிறது, குழாய் மாட்டியிருக்கிறதா என்று. கண்காணிப்பில் குழந்தை நம் பக்கம் இருந்தால்தான் பள்ளியில் நாம் இல்லாத எட்டு மணி நேரத்தில் அவளே அதைச் செய்வாள்.

மறுமொழி — நீரிழிவுக் கல்விச் செவிலியர்

ஐயா சொல்வதில் உள்ள நியாயத்தை முழுமனதோடு ஏற்கிறேன். நான் சொன்ன நேரங்களில் விட்டுக்கொடுக்க முடியாதவை மூன்று: கானுலா மாற்றிய இரண்டு மணி நேரம் கழித்து, அறிகுறியும் சென்சாரும் முரண்படும்போது, தாழ்சர்க்கரைச் சிகிச்சைக்குப் பின். மற்றவற்றைச் சென்சார் இரண்டு, மூன்று வாரம் மீட்டரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுக் குறைத்துக்கொள்ளலாம். விரலின் நடுச்சதையில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும். ஒவ்வொரு முறையும் புதிய லான்செட் (விரலைக் குத்தும் ஊசி) பயன்படுத்துங்கள்.

உறங்கச் செல்ல அம்மாவுக்குத் துணிவு தரும் என்று சில எண்களையும் சொல்கிறேன். 2019இல் பன்னாட்டு வல்லுநர்கள் ஒருமித்து வகுத்த இலக்கு, நாளில் 70 சதவீத நேரமாவது, அதாவது ஏறத்தாழ 17 மணி நேரம், 70க்கும் 180க்கும் இடையில் இருப்பது. 70க்குக் கீழே 4 சதவீதத்திற்குள், அதாவது ஒரு மணி நேரத்திற்குள். 54க்குக் கீழே கால் மணி நேரத்திற்குள். 250க்கு மேல் 5 சதவீதத்திற்குள், ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக. இதை மறுபக்கமாகப் படித்துப் பாருங்கள். நாளில் ஏழு மணி நேரம் வரம்புக்கு வெளியே இருந்தாலும் அந்தக் குழந்தை இலக்கில்தான் இருக்கிறது. உணவுக்குப் பின் ஒருமுறை 220 வந்ததற்காக யாரும் அழ வேண்டியதில்லை. அடுத்த சந்திப்பிற்கு வரும்போது ஒற்றை எண்களைக் கொண்டுவராமல், சென்சாரின் பதினான்கு நாள் அறிக்கையையும் பம்பின் போலஸ் வரலாற்றையும் ஒன்றாக எடுத்து வாருங்கள். கானுலா மாற்றிய நேரங்களை அதில் குறித்திருந்தால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

கேள்வி கேட்டவர் மீண்டும்

நேற்று மாலை ஐந்தரை மணிக்கு, இரவு உணவுக்கு முன்பாகக் கானுலாவை மாற்றினோம். இம்முறை எந்த இடத்தில் பொருத்துவது என்று அவளையே தேர்ந்தெடுக்கச் சொன்னோம். ஏழரைக்கு அவளே நினைவுபடுத்தி விரலைக் காட்டினாள். மீட்டரில் 152, சென்சாரில் 161, அம்பு கிடைமட்டம். உயர் எச்சரிக்கையை இரவுக்கு மட்டும் 250 என்று வைத்தேன், ஒருமுறைகூட அடிக்கவில்லை. மருத்துவரிடம் பேனா அளவைக் கேட்டு எழுதி வாங்கி, கீட்டோன் மீட்டரின் பெட்டிக்குள் மூடியில் ஒட்டியிருக்கிறேன். பேசல் சோதனையை வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் செய்யவிருக்கிறோம். முடிவை இங்கே எழுதுகிறேன்.